மூன்று துப்பாக்கியில் இரண்டு

2020 டிசம்பர் முதல் வாரம். நிவர் புயல் போய்ப் பத்து நாள் ஆகியிருக்கும். மதுராந்தகம் பக்கம் எங்கள் ஊர் வீட்டுக் கூடத்தில், கோரைப் பாயை விரித்து அப்பா மூன்று துப்பாக்கிகளை வரிசையாக வைத்திருந்தார். பக்கத்தில் எண்ணெய்த் துணி, லைசென்ஸ் புத்தகம், மூக்குக் கண்ணாடி.

"ரெண்டுதான் வெச்சுக்கலாமாம். ஒண்ணைக் குடுத்துடணும். பதிமூணாம் தேதி கடைசி. எதைக் குடுக்கலாம் சொல்லு."

என்னைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றில்லை. ஆனாலும் கேட்டார். அன்றைக்கு நான் சொன்ன பதில் தப்பு என்று தெரிய மூன்று வருஷம் ஆனது. குடும்பச் சொத்தாகத் துப்பாக்கியை வைத்திருப்பவர்கள் நம் பக்கம் குறைவு. இருக்கிற வீடுகளில் இந்தக் கேள்வி என்றைக்காவது ஒரு நாள் வரும். அதனால் நான் தேடித் தெரிந்துகொண்டதை இங்கே குறித்து வைக்கிறேன்.

முதலில் சட்டம். 1959 ஆயுதச் சட்டப்படி நடப்பில் இருக்கும் உரிமம் எல்லாம். 2019 டிசம்பர் வரை ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்துக்கொள்ளலாம். அந்த மாதம் வந்த திருத்தச் சட்டம் அதை இரண்டாக்கியது. மசோதாவில் முதலில் 'ஒன்று' என்றுதான் இருந்தது. எதிர்ப்பு வந்த பிறகு இரண்டு என்று மாற்றினார்கள். மூன்றாவதை வைத்திருந்தவர்களுக்கு ஒரு வருஷ அவகாசம். அதற்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும், பிறகு அது உரிமத்திலிருந்து நீக்கப்படும். இதே திருத்தத்தில் இன்னொரு வரியும் உண்டு. பலர் அதைக் கவனிப்பதில்லை. வாரிசாக வந்தாலும், பரம்பரைப் பொருளாக வந்தாலும் இரண்டு என்ற எல்லையைத் தாண்டக் கூடாது. அதாவது உங்களிடம் ஏற்கெனவே இரண்டு இருந்தால், அப்பாவுடையதை நீங்கள் வாங்க முடியாது. 'பரம்பரைச் சொத்து சார்' என்று சொன்னால் அங்கே எடுபடாது.

எங்கள் வீட்டுக்கு இந்த மூன்றும் எப்படி வந்தன என்று சொல்ல வேண்டும். கொஞ்சம் பின்னால் போகிறேன்.

சென்னை மாகாணத்தில் சாதாரணக் குடும்பம் துப்பாக்கி வைத்திருப்பது அரிதாகப் போனதற்கு வரலாறு உண்டு. 1801-இல் பாளையக்காரர் போர் முடிந்த கையோடு கம்பெனி அரசு ஆயுதங்களைப் பறிக்கும் பிரகடனம் போட்டது. 1878-இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர்களுக்கு உரிமம் வேண்டும், ஐரோப்பியர்களுக்கு விலக்கு. அதற்குப் பிறகு யாரிடம் துப்பாக்கி இருந்தது என்றால், சர்க்கார் நம்பியவர்களிடம். ஜமீன், மிராசு, தாசில்தார் வகையறா. செங்கல்பட்டுச் சீமை 1763-இலேயே நவாபிடமிருந்து ஜாகீராகக் கம்பெனி கைக்கு வந்துவிட்ட பகுதி. இங்கே மிராசுதார் வீடுகளில் ஒரு இரட்டைக்குழல் சுவரில் தொங்கினால், சர்க்காருக்கு வேண்டப்பட்ட வீடு என்று ஊருக்குத் தெரியும். எங்கள் வீடும் அப்படித்தான். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனால் சொல்லாமல் விட்டால் மீதிக் கதை புரியாது.

வேட்டையும் இருந்தது. இது ஏரி மாவட்டம். அறுவடை முடிந்த சேற்று வயலில் உள்ளான் இறங்கும், ஏரியில் கிளுவை இறங்கும். வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு அது பெரிய பொழுதுபோக்கு, அவர்களைப் பார்த்து நம் ஆட்களுக்கும். அதே மண்ணில் வேடந்தாங்கலும் இருக்கிறது. சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று ஊர்க்காரர்கள் முறையிட, 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுக்குப் பாதுகாப்பு உரிமை எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் வாதம். (மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையில் வருகிற கலெக்டரும் இதே பிளேஸ்தான்.) துப்பாக்கியைப் பற்றி இந்த மாவட்டத்தில் எழுதி வைக்கப்பட்ட மிகப் பழைய புகார்களில் ஒன்று அதுவாக இருக்கும். எங்கள் தாத்தா வேடந்தாங்கல் எல்லையில் சுட்டதில்லை என்று அப்பா அடித்துச் சொல்வார். 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு எல்லா ஏரியும் மெல்ல மெல்ல வேடந்தாங்கல் மாதிரி ஆனது. துப்பாக்கிக்கு அதன் பிறகு வேலை இல்லை. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பார்கள். தேர்தல் வந்தால் காவல் நிலையத்துக்குப் போய்வரும்.

இனி அந்த மூன்று.

ஒன்று, கொள்ளுத்தாத்தா வாங்கிய இரட்டைக்குழல், 12 போர். குழல்களுக்கு நடுவில் ஓடும் பட்டையில் 'பி. ஓர் அண்ட் சன்ஸ், மதராஸ்' என்று பொறித்திருக்கும். மவுண்ட் ரோடு கடிகாரக் கடையேதான். அந்தக் காலத்தில் அவர்கள் துப்பாக்கியும் விற்றார்கள். இங்கிலாந்தில் செய்து, விற்பவர் பெயரைப் பொறித்து அனுப்புவது வழக்கம். குழல் முழுக்கத் தண்ணீரில் எண்ணெய் பரவியது போல வரி வரியாகக் கோலம். டமாஸ்கஸ் குழல் என்று வீட்டில் பெருமை.

இரண்டு, அப்பா 1978-இல் வாங்கிய பாயின்ட் டூடூ ரைபிள். செக்கோஸ்லோவாகியாவின் பிர்னோ. அப்பாவுக்கு அட்டையில் குறி பார்த்துச் சுடுவதில் ஆசை இருந்தது.

மூன்று, வாய் வழியே மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி. போலீஸ் பாஷையில் எஸ்.பி.எம்.எல். யார் செய்தது என்று தெரியாது. பேரும் இல்லை, முத்திரையும் இல்லை, ஒரு எண் மட்டும் பிற்பாடு அடித்தது. கட்டையில் செம்புக் கம்பி சுற்றியிருக்கும். வேர்க்கடலைக் கொல்லையில் பன்றி விரட்ட வைத்திருந்தது. பயிர்ப் பாதுகாப்புக்காக இந்த வகைத் துப்பாக்கிக்கு உரிமம் தரச் சட்டத்திலேயே இடம் உண்டு.

"இதுல யோசிக்க என்னப்பா இருக்கு? நாட்டுத் துப்பாக்கியைக் குடுத்துடுங்க" என்றேன்.

அப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதுதான் உண்மையிலேயே வேலை செஞ்சுது" என்றார். பிறகு துணியில் சுற்றினார். மறுநாள் நான்தான் வண்டி ஓட்டிப் போனேன். ரசீது கொடுத்தார்கள்.

2022-இல் இரட்டைக்குழலைச் சென்னையில் ஒரு பழைய துப்பாக்கிக் கடைக்கு எடுத்துப் போனோம். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, அக்கா பேருக்கு மாற்றும் முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று. கடைக்காரருக்கு அப்பா வயசுதான் இருக்கும். அவர் பார்த்த விதத்தை விவரமாகவே எழுதுகிறேன். தரமான துப்பாக்கி என்றால் என்ன என்று அந்த அரை மணி நேரத்தில்தான் எனக்குப் புரிந்தது.

பெயரை அவர் பார்க்கவே இல்லை. முதலில் குழலின் கீழே இருக்கும் முன்கட்டையைக் கழற்றினார். குழல்களை மட்டும் பிரித்து எடுத்து, கீழ்க் கொக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு, நகத்தால் சுண்டினார். மணி மாதிரி கணீரென்று நீண்டு கேட்டது. "பட்டை விடல. ஈயப் பத்து நல்லா இருக்கு" என்றார். இரண்டு குழலையும் இணைக்கும் பட்டை எங்காவது விட்டிருந்தால் ஓட்டைப் பானை போல 'டொக்'கென்று கேட்குமாம்.

அடுத்து, முன்கட்டை இல்லாமலே குழலை மாட்டி மூடி, ஆட்டிப் பார்த்தார். ஆடக் கூடாது. குழலின் பின்முகமும் அது போய் உட்காரும் இரும்பு முகமும் சேரும் இடத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். கீற்று தெரியக் கூடாது. தெரிந்தால், பல வருஷம் சுட்டுச் சுட்டுக் கீல் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். சரி செய்யலாம், ஆனால் அதைச் செய்யத் தெரிந்த கை இப்போது குறைவு.

பிறகு குழலுக்குள் பார்வை. ஜன்னல் சட்டத்தின் நிழல் குழலின் உள்சுவரில் நேர்கோடாக விழ வேண்டும். எங்காவது கோடு நெளிந்தால் அங்கே நசுங்கல். வளையமாக நிழல் விழுந்தால் வீக்கம், அதாவது எப்போதோ குழலில் எதுவோ அடைத்திருக்கும்போது யாரோ சுட்டிருக்கிறார்கள். நசுங்கலை எடுத்துவிடலாம். வீங்கிய குழலை நம்பக் கூடாது. எங்களுடையதில் இரண்டும் இல்லை. பின்பக்கம் கொஞ்சம் துருப்புள்ளி மட்டும்.

எனக்குப் பெருமை ஏறிக்கொண்டே வந்தது. அப்போதுதான் அவர் குழலைத் திருப்பி அடியில் இருந்த முத்திரைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, "இதுல என்ன தோட்டா போடறீங்க?" என்றார்.

"ரொம்ப நாளாச்சு. எப்பவாவது, சாதாரணக் கடைத் தோட்டாதான்" என்றார் அப்பா.

"இனிமே போடாதீங்க."

இங்கிலாந்தில் லண்டனிலும் பர்மிங்காமிலும் குழல் சோதனைச் சாலைகள் உண்டு. பர்மிங்காம் சாலை 1813-இல் வந்தது. விற்பனைக்குப் போகும் ஒவ்வொரு குழலிலும் வழக்கத்தைவிடக் கூடுதல் மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து, தாங்கினால் முத்திரை அடிப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி வரை அந்தச் சோதனை கரிமருந்துக்கு. அதன் பிறகு புகையில்லா மருந்து வந்தது, அதன் அழுத்தம் வேறு மாதிரி. அதற்குத் தனிச் சோதனை, 'நைட்ரோ புரூஃப்' என்று தனி முத்திரை. எங்கள் துப்பாக்கியில் அது இல்லை. இன்று கடையில் கிடைக்கும் தோட்டா எல்லாம் புகையில்லா மருந்து. அப்பா சின்ன வயசில் சுட்டபோதெல்லாம் ஒன்றும் ஆகாதது அதிர்ஷ்டம்.

டமாஸ்கஸ் கோலமே ஆபத்து என்று இணையத்தில் பலர் எழுதுகிறார்கள். அப்படி இல்லை என்றார் கடைக்காரர். இரும்புப் பட்டையும் எஃகுப் பட்டையும் முறுக்கி, கம்பியில் சுற்றி, காய்ச்சி அடித்துச் சேர்த்த குழல் அது. நைட்ரோ சோதனை தாங்கிய டமாஸ்கஸ் குழல்களும் உண்டு. கோலத்தைப் பார்க்காதே, முத்திரையைப் பார். (டமாஸ்கஸ் வாளுக்குப் போன உருக்கு தென்னிந்தியாவிலிருந்து போனது என்பது உண்மை. துப்பாக்கிக் குழலுக்கும் அதற்கும் பெயர் மட்டும்தான் ஒற்றுமை. எங்கள் வீட்டில் இதையும் சேர்த்துப் பெருமை பேசியிருக்கிறோம்.)

இன்னொன்றும் காட்டினார். தோட்டா உட்காரும் அறையின் நீளம். பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகளில் 65 மி.மீ., இப்போது பொதுவாக 70. தோட்டாவின் நீளம் என்று பெட்டியில் போடுவது சுட்டு விரிந்த பிறகான நீளம். அதனால் 70 தோட்டா 65 அறைக்குள் அழகாகப் போய் உட்கார்ந்துவிடும். சுடும்போதுதான் விரிய இடம் இல்லாமல் அழுத்தம் ஏறும். 'உள்ளே போகுதே' என்பது சோதனை ஆகாது.

ஆக, கூடத்தில் மூன்றையும் பரப்பி வைத்துத் தரம் என்று நான் தேர்ந்தெடுத்தது, சுட முடியாத ஒரு துப்பாக்கி. அழகான சாமான், சந்தேகமில்லை. ஆனால் சுவரில் மாட்டத்தான்.

இன்றைக்குப் புதிதாக ஒருவர், பிள்ளைக்கும் பேத்திக்கும் போய்ச் சேரட்டும் என்று துப்பாக்கி வாங்க நினைத்தால் எதைப் பார்க்க வேண்டும்? என் கணக்கில் முதல் கேள்வி, யார் செய்தது என்பது இல்லை. வாரிசுக்கு இதன் உரிமம் கிடைக்குமா என்பதுதான்.

அந்தக் கணக்கில் 12 போர்தான் முதலில் நிற்கிறது. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம குண்டுகளாக உருட்டினால் ஒரு குண்டின் குறுக்களவு எவ்வளவோ அதுதான் 12 போர், சுமார் 18.5 மி.மீ. வழவழப்பான குழல், இருபது அங்குலத்துக்குக் குறையாத நீளம், தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ என்றால், உரிமம் வழங்கும் பிரிவு சட்டத்தில் அதைத் தனியாகவே சொல்கிறது. குறி பார்த்துப் பழகுவதற்கான பாயின்ட் டூடூ ரைபிளையும் அப்படியே. அதற்கு மேல் போகப் போகக் கேள்விகள் கூடும். த்ரீ-நாட்-த்ரீ போன்றவை தடை செய்யப்பட்ட அளவு, ராணுவத் தோட்டா. வீட்டில் எத்தனை தலைமுறை இருந்தாலும் அடுத்தவருக்கு மாறுவது பெரும்பாடு. குழல் நீளமாக இருக்கிறது என்று வெட்டிவிடாதீர்கள். குழலைக் குறைப்பதற்கே தனி உரிமம் வேண்டும்.

தோட்டா கிடைக்குமா என்பது இரண்டாவது. 1980-களின் நடுவிலிருந்து சாதாரணக் குடிமக்கள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்ய முடியாது. அதனால்தான் வெப்லி ஸ்காட், கிரீனர் மாதிரிப் பழைய பெயர்களுக்கு இங்கே மதிப்பு. இருப்பதேதான் கைமாறிக்கொண்டிருக்கிறது. ஆனால் அபூர்வ அளவில் ஒன்றை வாங்கினால், உங்கள் பேத்திக்கு இரும்புக் கட்டைதான் மிஞ்சும். நம் அரசுத் தொழிற்சாலை செய்த 12 போர் இரட்டைக்குழலைப் பலர் மட்டமாகப் பேசுவார்கள். மரவேலை முரட்டுத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்றைய தோட்டாவுக்கென்றே செய்தது, நேரான தாள்கள், அழியாத எண். நான் இன்று வாங்கினால் அதைத்தான் வாங்குவேன்.

எண் என்றதும் ஒன்று. பழைய துப்பாக்கியைப் புதுசு மாதிரி ஆக்குகிறேன் என்று தேய்த்து மெருகு போட்டு, எண்ணையும் முத்திரையையும் மழுக்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள். குழலில் இருக்கும் எண்ணும் புத்தகத்தில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் அதன் பிறகு நீங்கள் யாருக்கு என்ன விளக்கம் சொன்னாலும் கஷ்டம். அழுக்கு இருக்கட்டும், எண் போதும்.

குடகுக்காரர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் உரிமமே தேவையில்லை என்று பிரிட்டிஷ் காலத்திலிருந்து விலக்கு. 2019-இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது, 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் சரி என்றது. கைல்போதுத் திருவிழாவில் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுவார்கள். அங்கே துப்பாக்கி வீட்டோடு போகிறது. இங்கே ஒரு பெயரோடு போகிறது. அந்தப் பெயர்க்காரர் இறந்த நிமிஷத்தில், பீரோவில் இருக்கும் துப்பாக்கிக்குச் சட்டப்படி ஆள் இல்லை.

இது பலருக்குத் தெரியாது. அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று பூட்டி வைத்திருப்பார்கள். உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பது உங்கள் பேரில் குற்றமாகிவிடும். தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும், அதற்குப் பிறகு வாரிசு விண்ணப்பம். ஒப்படைத்துவிட்டுக் கவனிக்காமல் விட்டால் அரசுடைமை ஆகிவிடும்.

அதைவிட நல்லது உயிரோடு இருக்கும்போதே மாற்றுவது. 2016 ஆயுத விதிகளில் இதற்கு வழி இருக்கிறது. உரிமதாரருக்கு எழுபது வயதானாலோ, துப்பாக்கியை இருபத்தைந்து வருஷம் வைத்திருந்தாலோ, எது முதலில் வருகிறதோ அப்போது தன் வாரிசு ஒருவரைச் சொல்லி அவர் பேரில் உரிமம் கேட்கலாம். மகன்தான் என்றில்லை. மகள், மருமகள், மருமகன் யாரும் ஆகலாம், இருபத்தொரு வயது ஆகியிருக்க வேண்டும். பயிற்சிச் சான்று, மருத்துவச் சான்று, வீட்டில் பூட்டி வைக்கும் ஏற்பாடு, போலீஸ் விசாரணை எல்லாம் உண்டு. வாரிசு என்பதால் கிடைத்தே தீரும் என்றும் இல்லை. தரும் அதிகாரி மறுக்கலாம். இப்போது உரிமம் ஐந்து வருஷத்துக்கு. தனி அடையாள எண் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாத உரிமம் செல்லாது.

நான் வேண்டாம் என்றேன். அடிக்கடி ஊர் மாறுகிற வேலை எனக்கு. ஒவ்வொரு முறையும் முகவரி, அனுமதி என்று அலைய முடியாது. அக்கா வைத்துக்கொள்கிறேன் என்றாள். அவள் வீடு மாமல்லபுரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து நடந்தால் ஐந்து நிமிஷத்தில் அலை. மாவட்டம் மாறவில்லை, அந்தத் தொல்லை இல்லை. தொல்லை உப்புக் காற்று.

கடற்கரைக் கோயில் கல்லையே அரிக்கிற காற்று அது. காகிதக் கூழ் பூசித்தான் கல்லிலிருந்து உப்பை உறிஞ்சி எடுக்கிறது தொல்லியல் துறை, காற்றைத் தடுக்கச் சவுக்கும் வைத்திருக்கிறார்கள். இரும்பு எம்மாத்திரம்? முதல் மாதத்திலேயே பிர்னோவின் விசைக் காப்பில் செம்பட்டையாகத் துரு. கற்றுக்கொண்டது இதுதான்: தோல் உறையிலும் வெல்வெட் பெட்டியிலும் வைக்கவே கூடாது. அழகாக இருக்கும், ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்ட வைத்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் போட்டால் பிசினாகி விசை ஒட்டிக்கொள்ளும், மெல்லிய கனிம எண்ணெய்தான் சரி. தொட்டால் விரல் ரேகை இருந்த இடத்தில் துரு பூக்கும். துடைத்துவிட்டு வைக்க வேண்டும். நிற்க வைக்கும்போது குழல் கீழ்நோக்கி இருந்தால் எண்ணெய் மரத்துக்குள் இறங்காது. கட்டைக்கு ஆளி விதை எண்ணெய் இரண்டு சொட்டு, உள்ளங்கைச் சூட்டில் தேய்த்தால் போதும். பெட்டிக்குள் சிலிகா ஜெல் பை, மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாற்றுகிறாள். தோட்டா வேறு அறையில், வேறு பூட்டில்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு என் மாமா பையன், 'பேசாம ஒரு காத்துத் துப்பாக்கி வாங்கிக் குடுங்க, லைசென்ஸே வேணாம்' என்றான். 4.5 மி.மீ. அளவுக்கும் இருபது ஜூல் சக்திக்கும் உட்பட்டதென்றால் உண்மைதான். நல்ல ஒன்று நாற்பது வருஷம் வரும். அவன் கிண்டலாகச் சொன்னான், எனக்கு அது மோசமான யோசனையாகப் படவில்லை.

இந்தக் குறிப்பு இதோடு முடிந்திருக்க வேண்டும். 2023 கடைசியில் ஊருக்கு ஒருவர் வந்தார். செங்கல்பட்டுப் பக்கம் அரசுப் பள்ளியில் ஆசிரியர், முப்பத்தைந்து வயசு இருக்கும். வாசலிலேயே நின்றார். அப்பா, "உள்ள வாப்பா, உக்காரு" என்று இரண்டு முறை சொன்ன பிறகு உட்கார்ந்தார். எங்கள் கொல்லைக்கு இரவுக் காவல் இருந்தவரின் பேரன். காவக்காரத் தாத்தா என்று நாங்கள் கூப்பிட்டவர். அவர் பேர் என்ன என்று அன்றைக்கு வரை எனக்குத் தெரியாது.

"ஐயா, தாத்தா ஒரு துப்பாக்கி வெச்சிருந்தாராம். செம்புக் கம்பி சுத்தினது. எங்க அம்மா சொல்லிக்கிட்டே இருக்கும். ஒரு தடவை பாத்துட்டுப் போலாம்னு."

அப்பா என்னைப் பார்த்தார். நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "குடுத்துட்டோம். சட்டம் மாறிடுச்சு, மூணுல ஒண்ணு..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. "பகல்ல அந்தத் தெருவுல தாத்தா செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுதான் போவாராம் சார். ராத்திரி அதைத் தோள்ல மாட்டிக்கிட்டுப் பரணுக்குப் போறப்ப மட்டும் போட்டுக்கிட்டே போவாராம். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்களாம். அம்மா அதைத்தான் சொல்லும்" என்றார்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்பா எழுந்து போய் பீரோவிலிருந்து பழைய லைசென்ஸ் புத்தகத்தை எடுத்து வந்தார். 1964-இல் தாத்தா பேருக்குக் கொடுத்தது. முன்பக்கத்தில் செங்கல்பட்டு மாவட்டம் என்று முத்திரை. அதற்குப் பிறகு வந்த புத்தகங்களில் 1997-இல் மாவட்டம் பிரிந்ததும் காஞ்சிபுரம், 2019 நவம்பருக்குப் பிறகு மறுபடியும் செங்கல்பட்டு. உரிமதாரர் சார்பாகத் துப்பாக்கியைக் கையாள அனுமதிக்கப்பட்ட ஆள் யார் என்று எழுத அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. பெயர், தகப்பனார் பெயர், ஊர். நாட்டுத் துப்பாக்கிக்கு நேரே நீல மையில் எழுதியிருந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

அவர் புத்தகத்தைக் கையில் வாங்கித் தானே ஒரு முறை வாசித்தார்.

"தாத்தாவோட அப்பா பேரு வீட்ல யாருக்கும் தெரியாது சார். இப்பதான் பாக்கறேன்."

ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். மதுராந்தகம் பேருந்து நிலையத்துக்கு நானும் கூடப் போனேன். கலரில் எடுக்கச் சொன்னார், மை நிறம் தெரிய வேண்டும் என்று. இரண்டு பிரதி எடுத்தோம். ஒன்று அவருக்கு. இன்னொன்றை அக்காவிடம் கொடுத்திருக்கிறேன், அந்தப் பெட்டியிலேயே இருக்கிறது.